ஸ்கைடைவிங் பழக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்: கருவி, பாதுகாப்பு, முதல் குதிப்பு

பெட்டாலிங் ஜெயாவில், கீழிருந்து வீசும் காற்று ஆளைத் தூக்கி மிதக்க வைக்கும் காற்றுச் சுரங்கத்தில் மிதந்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வரும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த பெற்றோர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று யாராக இருந்தாலும், நான் விமானத்திலிருந்து குதிக்கிறவள் என்று தெரிந்ததும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் அவசரமாகப் பாதி பதில் சொல்லி அனுப்புவதில் எனக்கு மனமில்லை. அதனால் முழுப் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் பயிற்றுநர் அல்ல. உரிமம் எடுத்து, கருவிகளைக் கவனமாகக் கற்றுக்கொண்டு குதிக்கிறவள். இதைப் படிப்பது பயிற்சிக்கு ஈடாகாது. பயிற்சிக்குப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பாராசூட் திறக்காவிட்டால் என்ன ஆகும்?

முதுகில் இருப்பது ஒரு பாராசூட் அல்ல, இரண்டு. வழக்கமாகத் திறப்பது மெயின். அது சரியாக வராவிட்டால் திறப்பது ரிசர்வ். இரண்டும் ஒரே பைக்குள் மேலும் கீழுமாகத் தனித்தனி அறைகளில் இருக்கும். மேலறையில் ரிசர்வ், கீழறையில் மெயின்.

மெயின் "திறக்கவே இல்லை" என்பது அபூர்வம். அடிக்கடி நடப்பது, திறந்தும் சரியாகத் திறக்காமல் இருப்பது. கயிறுகள் முறுக்கிக்கொள்ளும், குடை விரிவதை மெதுவாக்கும் ஸ்லைடர் என்ற துணி பாதியில் நிற்கும், ஒரு கயிற்றில் முடிச்சு விழுந்து குடை ஒரு பக்கமாகச் சுழலும். முறுக்கலைக் காலை உதைத்துப் பிரித்துவிடலாம். குடையின் ஓரத்து அறைகளில் காற்று நிரம்பாவிட்டால், குடையைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் கையில் பிடிக்கும் பிரேக்கை இழுத்துவிட்டால் போதும். கட்டுக்கடங்காமல் சுழலும் குடையோடு மல்லுக்கட்டக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு ரிசர்வை எடுக்க வேண்டும்.

கழற்றுவதற்கு வலது மார்புப் பக்கம் ஒரு மென்மையான பிடி இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். இடப் பக்கம் ரிசர்வின் பிடி. வரிசை இதுதான்: சிவப்பைப் பார், பிடி, ரிசர்வ் பிடியைப் பார், சிவப்பை இழு, ரிசர்வை இழு. பயிற்சிக் கூடத்தில் உத்தரத்தில் தொங்கவிட்ட ஹார்னஸில், அதாவது உடம்பில் மாட்டும் பட்டைகளில், உட்கார வைத்து, கை தானாகப் போகும்வரை இதைச் செய்ய வைப்பார்கள். சலிப்பாக இருந்தாலும் செய்யுங்கள்.

இறுகி நிற்கும் குடையை ஒரே இழுப்பில் கழற்ற முடிவது மூன்று வளையங்களால். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சிறிய வளையம், அதைப் பிடித்திருப்பது ஒரு துண்டு நூல் கண்ணி, கண்ணிக்குள் ஒரு மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையமும் சுமையைப் பல மடங்கு குறைத்துக் கொடுப்பதால், ஆள் எடை முழுவதும் தொங்கினாலும் கேபிளுக்கு வந்து சேரும் இழுவை மிகச் சிறியது. அமெரிக்கரான பில் பூத் 1970களில் உருவாக்கிய இந்த அமைப்பு இன்று ஏறக்குறைய எல்லா ஹார்னஸிலும் இருக்கிறது.

எதற்கெடுத்தாலும் உயரம், உயரம் என்கிறார்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். எல்லாப் பாதுகாப்புக் கருவியும் உயரத்தைச் செலவழித்துத்தான் வேலை செய்கிறது. உயரம் தீர்ந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் வெறும் துணிதான்.

நமக்குத் தெரிந்த இடங்களை வைத்துக் கணக்குப் போட்டால் எளிதில் பிடிபடும். விமானத்திலிருந்து வெளியேறுவது வழக்கமாக 13,000 அடியில். அது கிட்டத்தட்ட 4,000 மீட்டர், அதாவது கினபாலு மலையின் 4,095 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மாணவர் மெயினைத் திறக்க வேண்டியது 5,500 அடியில். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி, முதல் உரிமம் எடுத்தவர்கூட 3,000 அடிக்குக் கீழே போய்த் திறக்கக் கூடாது. 3,000 அடி என்பது 914 மீட்டர். பினாங்குக் கொடிமலையின் மிக உயர்ந்த முகடே 833 மீட்டர்தான்.

அடுத்தது முடிவெடுக்கும் உயரம்: மாணவருக்கு 2,500 அடி, 762 மீட்டர். "இந்தக் குடையோடு இறங்க முடியுமா, முடியாதா" என்ற கேள்விக்கு அதற்குள் பதில் சொல்லியிருக்க வேண்டும். மெர்டேக்கா 118 கோபுரத்தின் உச்சி 679 மீட்டர். நாட்டின் மிக உயர்ந்த கட்டடத்தின் நுனிக்கு மேலே இருக்கும்போதே யோசித்து முடித்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

வயிறு கீழே பார்க்க விழும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார். விநாடிக்கு 55 மீட்டர். அந்த வேகத்தில் 2,500 அடியிலிருந்து தரைக்கு 14 விநாடி. "இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம்" என்று தயங்கும் ஒவ்வொரு நொடியும் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உயரத்தைத் தின்றுவிடுகிறது.

நான் மயங்கிவிட்டால்கூட தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஏஏடி என்பார்கள். ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த சைப்ரஸ் அவற்றில் பெயர் பெற்றது. காற்றழுத்தத்தை விடாமல் அளந்து, நீங்கள் எந்த உயரத்தில் எந்த வேகத்தில் இருக்கிறீர்கள் என்று கணக்கிடும். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழேயும் விழும் வேகம் குறையவில்லையென்றால், ஒரு சின்னக் கத்தி ரிசர்வை மூடி வைத்திருக்கும் நூல் கண்ணியை வெட்டிவிடும். சுருள்வில் வைத்த பைலட் சூட், அதாவது பாராசூட்டைப் பைக்குள்ளிருந்து இழுக்கும் சின்னக் குடை, துள்ளி வெளியே வந்து ரிசர்வை இழுக்கும். எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைத்திருக்கின்றன. ஏஏடி இல்லாத ரிக்கில், அதாவது ஹார்னஸும் இரண்டு பாராசூட்டும் சேர்ந்த முதுகுப் பையில், நான் குதிக்க மாட்டேன்.

ஆனால் அந்த உயரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அனுபவசாலிகளுக்கான சைப்ரஸில் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பும் அளவு சுமார் 225 மீட்டர், விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் 452 மீட்டரில் பாதி. முழு வேகத்தில் விழுந்தால் அங்கிருந்து தரைக்கு நாலு விநாடி. ஏஏடி வேலை செய்ய வேண்டி வந்தது என்றாலே, அதற்கு முன் செய்ய வேண்டியதெல்லாம் தவறிப்போயிற்று என்றுதான் பொருள். அதை நம்பித் தாமதிப்பதற்கு அது செய்யப்படவில்லை.

இன்னொன்று. பாதி திறந்து சுழலும் மெயினின் கீழே நீங்கள் இறங்கும் வேகம், அனுபவசாலிகளுக்கான ஏஏடி செயல்படும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அப்போது அது சும்மா இருக்கும். மாணவர்களுக்கான மாடல் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே, விநாடிக்கு 13 மீட்டரில், செயல்படும். அதனால் மாணவர் ரிக்கில் தாழ்வான உயரத்தில் குடையை வேகமாகச் சுழற்றி விளையாடினால், நல்ல மெயின் தலைக்கு மேல் இருக்கும்போதே ரிசர்வும் வெளியே வந்துவிடக்கூடும்.

கருவியைக் குதிக்கும் மைதானத்தில்தான் இயக்க வேண்டும், ஏனெனில் அது இயங்கும் இடத்தைத்தான் தரை என்று வைத்துக்கொள்ளும். வேறு உயரத்திலுள்ள மைதானத்துக்குப் போனால் அங்கே அணைத்துத் திரும்ப இயக்க வேண்டும்.

ஆர்எஸ்எல் என்பது என்ன?

மெயினையும் ரிசர்வின் ஊசியையும் இணைக்கும் ஒரு நாடா. மெயினைக் கழற்றிவிட்டதும், அது பறந்து போகிற போக்கில் இந்த நாடாவை இழுத்து ரிசர்வைத் திறந்துவிடும். அதற்காக ரிசர்வ் பிடியை இழுக்காமல் இருக்கக் கூடாது. மெயின் பையை விட்டே வரவில்லையென்றால் ஆர்எஸ்எல்லால் எந்தப் பயனும் இல்லை, இழுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. மாணவர் ரிக்கில் ஆர்எஸ்எல் மாட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பாராசூட்டை யார் மடிக்கிறார்கள்? அவர்களை எப்படி நம்புவது?

மெயினை நாமே மடிக்கலாம், அல்லது பயிற்சி பெற்ற பேக்கர் மடிப்பார். மாணவராக இருக்கும்போது மடித்துக் கொடுத்துவிடுவார்கள். உரிமம் எடுப்பதற்குள் நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரிசைப்படுத்துவது புடவைக் கொசுவம் வைப்பதைப் போன்றது. விரல்கள் பழகினால் வேகம் தானாக வரும்.

கொசுவம் கொஞ்சம் கோணலாக இருந்தால் குடை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அது பொறுக்காத விஷயங்கள் சில உண்டு. கயிறுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையாமல் நேராக இருக்க வேண்டும். ஸ்லைடர், அதாவது நாலு வளையத்தில் கயிறுகள் ஓடும் அந்தச் சதுரத் துணி, மேலே முட்டும்வரை ஏற்றப்பட்டிருக்க வேண்டும். குடை ஒரே நொடியில் விரிந்து உடம்பை உலுக்காமல் மெதுவாகத் திறக்க வைப்பது அதுதான். பிரேக் சரியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பைலட் சூட்டின் உள் கயிறு இழுத்து விடப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது காற்றைப் பிடிக்காமல் வாடிய பூவாகப் பின்னால் இழுபடும், மெயின் வெளியே வராது.

ரிசர்வ் விஷயம் வேறு. பாராசூட்டைச் சோதித்து மடிக்க உரிமம் பெற்ற ரிக்கரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அமெரிக்க விதிப்படி, ஒரு முறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு முறை பிரித்து, சோதித்து, மறுபடி மடிக்க வேண்டும். பிற நாடுகளில் கால அளவு மாறும். மடித்தவர் ஊசியில் நூல் கட்டி முத்திரை வைத்து, அட்டையில் தேதியும் கையெழுத்தும் போடுவார். அந்த அட்டை ரிக்கிலேயே இருக்கும்.

வாடகை ரிக்கைக் கையில் கொடுத்ததும் நான் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் நாளிலிருந்தே பார்க்கப் பழகுங்கள். பயிற்றுநர் பார்த்துவிட்டார் என்பதற்காக நீங்கள் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை.

ரிக்கைக் குப்புற வையுங்கள். மேல் மடலைத் திறந்தால் ரிசர்வ் ஊசி தெரியும். வளையாமல், கண்ணிக்குள் முழுமையாகப் போயிருக்க வேண்டும். முத்திரை அறுபடாமல் இருக்க வேண்டும். ஏஏடி திரையில் எண் தெரிய வேண்டும். அட்டையை எடுத்துத் தேதியைப் படியுங்கள்.

அடுத்த மடலுக்குள் மெயின் ஊசி. இங்கேதான் நான் அதிக நேரம் நிற்பேன். ஊசி செருகியிருக்கும் நூல் கண்ணியை உற்றுப் பாருங்கள். அது ஒரு சுண்டுவிரல் நீளச் சின்னக் கயிறு, ஆனால் மொத்த மெயினையும் உள்ளே பூட்டி வைத்திருப்பது அதுதான். இழை பிரிந்து பஞ்சு போலத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஊசி தளர்வாக ஆடினால் கண்ணி நீளம் அதிகம் என்று அர்த்தம். தளர்ந்த கண்ணி, விமான வாசலில் யாராவது உரசினாலே விட்டுக்கொடுத்துவிடும். வாசலில் ஒரு பாராசூட் தானாகத் திறந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, விமானத்தின் வாலில் சிக்கினால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும்தான். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திறப்பு வழியாக நிறக் குறியீடு தெரிகிறதா என்றும் பாருங்கள்; பைலட் சூட் சரியாகத் தயார் செய்யப்பட்டிருப்பதற்கு அதுதான் அடையாளம்.

ரிக்கைத் திருப்பி மூன்று வளையங்களைப் பாருங்கள், இரு தோளிலும். பெரியது, நடுவது, சிறியது, ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் மட்டும் போயிருக்க வேண்டும். இரண்டு பிடிகளும் தம் இடத்தில் இருக்க வேண்டும். போட்டுக்கொண்ட பிறகு மார்புப் பட்டை கொக்கிக்குள் சரியாகத் திரும்பி வந்திருக்கிறதா, கால் பட்டைகள் இறுக்கமா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அணியும் முன் ஒரு முறை, விமானம் ஏறும் முன் ஒரு முறை, குதிக்கும் முன் ஒரு முறை. மூன்றாவது முறை உங்கள் முதுகுப்பக்கத்தை வேறொருவர் பார்க்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல மைதானத்தில் கேட்பவரை யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அந்த மைதானம் உங்களுக்கு வேண்டாம்.

டாண்டமா, நேராக ஏஎஃப்எஃப் பயிற்சியா?

ஒரு முறை அனுபவித்துப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு டாண்டம். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று நாலு இடத்தில் பயிற்றுநரோடு உங்களைப் பூட்டுவார்கள். இரண்டு பேர் எடை சேர்ந்தால் விழும் வேகம் கூடும் என்பதால், வெளியேறியதும் ட்ரோக் என்ற சின்னக் குடையை விட்டு வேகத்தை ஒற்றை ஆளின் அளவுக்குக் குறைப்பார்கள். இறங்கும்போது காலைத் தூக்கச் சொன்னால் தூக்குங்கள். உங்கள் வேலை அவ்வளவுதான்.

கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஏஎஃப்எஃப். முதல் குதிப்பிலேயே உங்கள் முதுகில் உங்கள் பாராசூட், இரு பக்கமும் இரண்டு பயிற்றுநர்கள் பிடித்துக்கொண்டே விழுவார்கள். பிறகு ஒருவர், பிறகு தனியாக. அமெரிக்கச் சங்கத்தின் முதல் உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். பயம் அதிகமுள்ளவர்கள் ஒரு டாண்டம் செய்துவிட்டு வருவது நல்லது. வாசல் திறக்கும் சத்தம் புதிதாக இருக்காது.

முதல் குதிப்பு எப்படி இருக்கும்? ராட்சத ராட்டினம் மாதிரி வயிற்றைப் பிரட்டுமா?

இல்லை, இதுதான் பலருக்கு ஆச்சரியம். விமானம் ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால், வெளியேறும் நொடியில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து விழவில்லை, காற்றின்மேல் சாய்கிறீர்கள். அடுத்த பத்து விநாடியில் வேகம் முன்னோக்கியதிலிருந்து கீழ்நோக்கியதாக மாறிவிடும். வயிறு அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

கண்டுகொள்வது காதும் தோலும். உயரம் ஆயிரம் அடி கூடும்போது வெப்பம் ஏறத்தாழ இரண்டு டிகிரி குறையும். கீழே சட்டை ஒட்டும் வெக்கையில் ஏறியவருக்கு 13,000 அடியில் கதவைத் திறந்ததும் ஐந்தாறு டிகிரிக் குளிர் முகத்தில் அறையும். இன்ஜின் இரைச்சல், காற்றின் இரைச்சல், பயிற்றுநரின் உதடு அசைவது தெரியும், சத்தம் வராது. அதனால்தான் கைச்சைகைகளைத் தரையில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கட்டைவிரல் கீழே என்றால் இடுப்பை முன்னே தள்ளி உடம்பை வில்லாக வளை. இரண்டு விரல் நீட்டினால் காலை நீட்டு. ஒரு விரல் நேராகக் காட்டினால் உடனே இழு.

முதல் முறை மூளை திணறிவிடும். படித்தவர், நிதானமானவர் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. நாற்பத்தைந்து விநாடி இருக்கிறது, செய்ய வேண்டியவை நாலைந்துதான், ஆனாலும் உயரமானியைப் பார்க்க மறந்து அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பயிற்றுநர்கள் இதற்குத் தயாராகவே வருகிறார்கள். நீங்கள் இழுக்காவிட்டால் அவர்கள் இழுப்பார்கள். அப்படி நடந்தால் அந்தப் படியை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குடை திறந்ததும் இரைச்சல் ஒரேயடியாக அடங்கும். அந்த அமைதியில் மயங்கி உட்கார்ந்துவிடாமல் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். நீள்சதுரமாக இருக்கிறதா, ஸ்லைடர் இறங்கிவிட்டதா, கயிறுகள் சுத்தமா. பிறகு பிரேக்கை எடுத்து இடம், வலம் திருப்பி, முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். 2,500 அடிக்கு மேலேயே இதெல்லாம் முடிய வேண்டும். ரசிப்பதற்கு அப்புறமும் நேரம் இருக்கிறது.

எந்த இடத்தில் அதிக விபத்து நடக்கிறது?

பலரும் நினைப்பதற்கு மாறாக, நன்றாகத் திறந்த குடையின் கீழே, தரையை நெருங்கும்போது. 2023இல் அமெரிக்கச் சங்கம் பதிவு செய்தது சுமார் 36.5 லட்சம் குதிப்புகளும் 10 மரணங்களும். திறக்காத பாராசூட்டைவிட, சிறிய வேகமான குடையைத் தரைக்கு அருகே கூர்மையாகத் திருப்புவது பல ஆண்டுகளாகவே பெரிய காரணங்களில் ஒன்றாக இருந்துவருகிறது. திரும்பும் குடை சாய்ந்து வேகமாக உயரத்தை இழக்கும். மறுபடி நேராக அதற்கும் உயரம் வேண்டும்.

மாணவருக்குப் பெரிய குடையைத் தருவது இதனால்தான். ஒரு கணக்கு: 70 கிலோ ஆள், 12 கிலோ கருவி, மொத்தம் 82 கிலோ, அதாவது சுமார் 180 பவுண்டு. 220 சதுர அடிக் குடையில் தொங்கினால் சதுர அடிக்கு 0.82 பவுண்டு. மென்மையாக இறங்கும், தவறை மன்னிக்கும். இந்த எண் ஏற ஏறக் குடையின் குணம் மாறும். நண்பர் சிறிய குடை வைத்திருக்கிறார் என்று நீங்களும் அவசரப்பட்டுச் சிறியதற்கு மாறாதீர்கள்.

இறங்கும் பாதை எளிது. 1,000 அடியில் காற்றோடு போய், 600 அடியில் குறுக்கே திரும்பி, 300 அடியில் காற்றை எதிர்த்துத் திரும்பி, பிறகு நேராக வர வேண்டும். ஹெல்மெட்டில் ரேடியோ இருக்கும், கீழிருந்து சொல்வார்கள். ரேடியோ வேலை செய்யாமல் போகலாம் என்பதால் பாதை உங்கள் தலையிலும் இருக்க வேண்டும். தரைக்கு மூன்று, நான்கு மீட்டர் இருக்கையில் இரண்டு பிரேக்கையும் ஒரே சீராக இழுத்தால் குடை தயங்கி நிற்கும், கால் தரையில் படும். நேரம் தப்பினால் கால்களைச் சேர்த்து வைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று வரிசையாக உருண்டு விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

நம் ஊரில் மைதானத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் செம்பனைத் தோட்டம்தான். திறந்த இடத்தை உயரத்திலேயே தேடிவிடுங்கள். மரம் தவிர்க்க முடியாதென்றால் முழங்கால்களைச் சேர்த்து, முகத்தையும் கழுத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள், மாட்டிக்கொண்டால் நீங்களாக இறங்காமல் உதவிக்குக் காத்திருங்கள். மின்கம்பி இருந்தால், காற்றுக்கு எதிராக இறங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அதை விட்டு விலகுவதே முதல் வேலை.

கேஎல் டவரில் குதிக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயரில் மட்டும் உறவு. 421 மீட்டர் கோபுரத்தில் அவர்கள் குதிக்கும் திறந்த தளம் சுமார் 300 மீட்டரில் இருக்கிறது. மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: நம்முடைய முடிவெடுக்கும் உயரத்தில் பாதிகூட இல்லை. அவர்கள் ஒரே ஒரு பாராசூட்டோடு குதிக்கிறார்கள், இரண்டாவதற்கு நேரமே கிடையாது. விமானத்திலிருந்து நூற்றுக்கணக்கில் குதித்துப் பழகியவர்களின் வேலை அது. அதைப் பார்த்து ஆசை வந்தால் சந்தோஷம். தொடங்க வேண்டிய இடம் அது அல்ல.

காற்றுச் சுரங்கத்தில் பழகினால் போதாதா? எங்கே போய்ப் படிப்பது?

ஒன் உத்தாமா பேரங்காடியிலிருக்கும் சுரங்கம் உடம்பை நிலைப்படுத்தக் கற்றுத் தருவதில் அருமையானது. வானில் ஒரு குதிப்புக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. இங்கே நிதானமாகத் தப்பும் தவறுமாகப் பழகலாம். ஏஎஃப்எஃப் எடுக்குமுன் கொஞ்சம் பறந்துவிட்டுப் போனால் பணம் மிச்சமாகும். ஆனால் உயரத்தைக் கவனிப்பது, குடையை ஓட்டுவது, அவசர நடவடிக்கை, இவை சுரங்கத்தில் கிடையாது.

முழுப் பயிற்சிக்கு இங்கிருந்து பலர் தாய்லாந்தின் பட்டாயா பக்கமோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறார்கள். நாள்தோறும் விமானம் ஏறுவதால் பயிற்சி இடைவெளியின்றி முடியும். எங்கே போனாலும் பயிற்றுநரின் தகுதிச் சான்று எந்தச் சங்கத்தினுடையது, ரிசர்வை மடித்த தேதி என்ன, மாணவர் ரிக்கில் ஏஏடி இருக்கிறதா, மாணவருக்குக் காற்று வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அமெரிக்கச் சங்கத்தின் பதில் மணிக்கு 14 மைல், சுமார் 22 கிலோமீட்டர். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

மதியத்துக்குமேல் இடிமேகம் கட்டும் நம் வானிலையில் காலை நேரமே நல்லது. நாள் முழுக்கக் காத்திருந்து குதிக்காமல் வீடு திரும்ப நேரலாம், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

தாலி, சாமிக் கயிறு, மூக்குத்தி எல்லாம் போட்டுக்கொண்டு குதிக்கலாமா?

நல்ல கேள்வி, கேட்கத் தயங்குபவர்கள்தான் அதிகம். மோதிரமும் வளையலும் கழற்ற வேண்டும், பிடிகளில் மாட்டும். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால், கழுத்தை ஒட்டிய உள்சட்டைக்குள் விட்டு மேலே ஜம்ப்சூட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றுங்கள், பயிற்றுநரிடமும் சொல்லிவிடுங்கள். மணிக்கட்டுக் கயிற்றை முழுக்கைக்குள் மறைத்து டேப் ஒட்டலாம். மூக்குத்தி இறுக்கமாக இருந்தால் பிரச்சினை இல்லை. நீள முடியைப் பின்னி, சட்டைக்குள் விட்டு, ஹெல்மெட்டுக்குள் அடக்குங்கள். காற்றில் பறக்கும் சடை வளையங்களில் சிக்கினால் வலி மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கண்ணாடி போடுபவர்களுக்கு அதன்மேல் மாட்டும் பெரிய கண்கவசம் கிடைக்கும்.

விரதம் இருக்கும்போது? சர்க்கரை நோய் இருந்தால்?

தைப்பூச விரதமோ வெள்ளிக்கிழமை ஒருபொழுதோ, வெறும் வயிற்றோடும் தண்ணீர் குடிக்காமலும் ஏறாதீர்கள். வேறொரு நாள் குதியுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், வலிப்பு, முதுகுவலி, தோள் நழுவிய வரலாறு, இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகு பயிற்றுநர். படிவத்தில் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் காது அடைத்து வலிக்கும், அன்று வேண்டாம்.

பெர்ஹெந்தியானிலோ தியோமானிலோ ஸ்கூபா முடித்துவிட்டு வருபவர்கள் 24 மணி நேரமாவது விட்டுக் குதியுங்கள். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகிவிடும்.

பழைய ரிக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

உரிமம் எடுக்கும்வரை எதையும் வாங்காதீர்கள். அதன் பிறகும், உங்களுக்கு நம்பிக்கையான ரிக்கர் ஒருவர் பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். ஏஏடிக்கு ஆயுட்காலம் உண்டு, தயாரித்த தேதியைப் பாருங்கள். ஸ்பெக்ட்ரா என்ற இழையில் செய்த கயிறுகள் ஸ்லைடர் உரசும் சூட்டில் சுருங்கும், ஓரத்துக் கயிறுகள் அதிகமாகச் சுருங்குவதால் குடை வடிவம் கெட்டுத் திறப்பும் மாறிவிடும்.

நம் வெயிலுக்கு ஒரு வார்த்தை: ரிக்கைக் காரின் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். வெயில் நைலானைப் பலவீனப்படுத்தும், சூடு ரப்பர் வளையங்களை இற்றுப்போகச் செய்யும், ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். கழற்றும் மஞ்சள் கேபிளையும் அவ்வப்போது உருவித் துடைக்க வேண்டும், அழுக்கு ஏறினால் இழுக்கக் கடினமாகிவிடும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? "நமக்கெல்லாம் எதுக்கு இது" என்கிறார்கள்.

1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நட்டவர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். நமக்கெதற்கு என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. இதைச் சொல்லிப் பாருங்கள். அதைவிடப் பலன் தருவது, அம்மாவை ஒரு நாள் மைதானத்துக்கே கூட்டிப் போவது. மடிக்கும் கூடத்தில் உட்கார வைத்து, ரிசர்வ் எது, ஏஏடி எது என்று காட்டுங்கள். தெரியாததைப் பற்றிய பயம்தான் பாதி. மீதிப் பயம் நியாயமானது, அதை மதியுங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் ஸ்கைடைவிங் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள்.

விமானத்தில் ஏறிய பிறகு பயந்துவிட்டால்?

குதிக்காமல் விமானத்திலேயே இறங்கலாம். யாரும் தள்ளிவிட மாட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. அனுபவசாலிகளே மேகத்தையோ காற்றையோ பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கதவருகே போய் முணுமுணுக்காதீர்கள், முன்னதாகவே பயிற்றுநரிடம் உரக்கச் சொல்லுங்கள். மாணவர் ஏஏடி விநாடிக்கு 13 மீட்டரிலேயே செயல்படும் என்று சொன்னேன் அல்லவா? ஆட்களை இறக்கிவிட்ட விமானம் வழக்கம்போல் வேகமாகத் தாழ்ந்தால், உள்ளே இருக்கும் உங்கள் ரிசர்வ் வெடித்துக்கொண்டு வெளியே வர வாய்ப்பிருக்கிறது. மாணவர் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் பைலட் மெதுவாக இறக்குவார். பயிற்றுநர் கதவை மூடி, உங்களைக் கதவிலிருந்து தள்ளி உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டு, பிடிகளைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்வார். தரைக்கு வந்ததும், மறுபடி ஏறுவது அன்றைக்கா, அடுத்த வாரமா, அல்லது எப்போதுமே வேண்டாமா என்பதை ஒரு தேநீர் குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.